ஓடாத ஜாப் போட்ட உத்தரவு

காலை பத்து மணிக்குத் துப்பறியும் நிலையத்தின் கதவைத் திறந்த அண்ணி, கட்டிலில் ஒரு பிணம் கிடப்பதாகத்தான் முதலில் நினைத்தாளாம். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்து, வாய் பிளந்து, ஒரு கை சுவர்ப் பக்கம் நீண்டு கிடந்தது. அவள் குடை நுனியால் குத்திப் பார்ப்பதற்குள் பிணம் கொட்டாவி விட்டது.

பிணத்துக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நாற்பத்திரண்டு வயதில், வாயைத் திறந்தால் மூடும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், தெருவே கூடி வைத்த பெயர் இது. நிலையம் அவனுடைய அண்ணன் மனைவிக்குச் சொந்தம். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள், போலீஸ்காரர்கள், பிடிபட்ட திருடர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணியாகவே ஆகிவிட்டாள்.

"தம்பி, இந்தப் புழுக்கத்துல ஃபேனை ஏன் நிறுத்தின?"

"நீங்கதானே அண்ணி எழுதி வெச்சிருந்தீங்க." ரேடியோ தலையணைக்கு அடியிலிருந்து சீட்டை உருவினான். அண்ணியின் கையெழுத்தேதான். டார்ச்சுக்கு பேட்டரி போடு. ஜன்னல்களைச் சாத்து. செடிக்குத் தண்ணீர் விடு. கடைசியாக ஃபேனை நிறுத்து.

அண்ணி சுற்றிலும் பார்த்தாள். ஜன்னல்கள் திறந்து கிடந்தன. செடி ரேடியோவை விட மோசமான நிலையில் இருந்தது.

"முதல் மூணு என்னாச்சு?"

"அதுக்கெல்லாம் எழுந்திருக்கணும். நீங்க வந்து எழுப்புற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன். ஃபேன் சுவிட்ச் மட்டும் கைக்கு எட்டுச்சு. படிச்ச கையோட முடிச்சுட்டேன். நாலுல ஒண்ணு முடிஞ்சுதேன்னு சந்தோஷப்படுங்க."

அண்ணி என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் கதவருகே யாரோ செருமினார்கள். முப்பது வயதுப் பெண். புதுப் புடவை, தலை நிறையப் பூ, முகம் மட்டும் ஏழு நாள் காய்ச்சலில் கிடந்தவள் போல. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பதாகச் சொன்னாள். உட்காரச் சொன்னதும் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"என் கல்யாணத்தை மூணு தடவை நிறுத்திட்டாங்க."

"யாரும்மா?"

"எங்க அப்பா."

ரேடியோவுக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

அவள் சொன்ன கதை இது. திருமணப் பதிவு அலுவலகத்தில் எல்லாமே மெஷின் வழியாகத்தான். மாப்பிள்ளை ஒப்புதல் கொடுத்ததும் பதிவாளர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அடுத்து பெண்ணிடம் ஒன்பது கேள்வி கேட்டு, அவளுடைய ஒப்புதலையும் ஏற்றுவார். அப்புறம் சான்றிதழ். திங்கள், புதன், வியாழன் என்று மூன்று நாளும் மாப்பிள்ளை முறை முடிந்து, அவள் முறை வந்ததும் திரை இருண்டு விட்டது.

"அவர் எனக்கு மூணு தடவை புருஷன் ஆயிட்டார். நான் இன்னும் ஒரு தடவைகூட அவருக்குப் பெண்டாட்டி ஆகலை," என்றாள்.

பாதியில் நின்ற பதிவை அன்றைக்கே மறுபடி தொடங்கக் கூடாது என்பது அலுவலக விதி. இன்று பதினொன்றரைக்கு நாலாவது முறை. மாப்பிள்ளை கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிறவர். தீவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் படகு. அது இன்று இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. சான்றிதழ் இருந்தால்தான் மனைவியை ஏற்றுவார்கள்.

"அப்பா அதே கட்டடத்துல கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர். நான் ஒரே பொண்ணு. தீவுக்குப் போறதுல அவருக்கு இஷ்டமில்லை. வாயால 'சரிம்மா, நல்லா இரு'ன்னுதான் சொல்றார். ஆனா மத்த எந்த ஜோடி முறையிலயும் நிக்கலையே! எனக்கு மட்டும் ஏன்? நீங்க அவரைக் கையும் களவுமா பிடிச்சுக் குடுங்க. இன்னிக்கும் நின்னுச்சுன்னா இந்த ஜென்மத்துல அவர் முகத்துல முழிக்க மாட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்குக் காரணம் படகு இல்லை என்பது ரேடியோவுக்கே புரிந்தது.

"அது நிக்கும்போது அப்பா எங்க இருந்தார்?" என்று கேட்டாள் அண்ணி.

"அதான் வேடிக்கை. மூணு தடவையும் என் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தார்."

*

கம்ப்யூட்டர் பிரிவு மூன்றாவது மாடியில். படியேறி முடித்தபோது மணி பத்து ஐம்பது. அலமாரி அலமாரியாக நிற்கும் பெரிய மெஷின், குளிர்பதன ஹாலில் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு திரை. திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆபரேட்டர் அம்மாள், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் கேள்வித்தாள் கிடைக்காத பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"கீபோர்டு எங்கம்மா?" என்றான் ரேடியோ.

"அந்த இரும்பு அலமாரியில. நாந்தான் நிறுத்தறேன்னு மேனேஜர் சாருக்குச் சந்தேகம். புதன்கிழமையே பிடுங்கிப் பூட்டிட்டார். ஏதாவது தட்டணும்னா அவரே திறந்து தட்டிட்டு மறுபடி பூட்டிடறார்." இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

பெரிய மெஷினுக்கு உத்தரவு போடும் இடம் இந்த கன்சோல்தான். கல்யாணப் பதிவு ஓடுவது 'ரிஜிஸ்டர்' என்ற புரோகிராமில். 'ரிஜிஸ்டரை நிறுத்து' என்று இங்கே தட்டினால் கீழே அத்தனை கவுண்டரும் படுத்துவிடும். வேறு எங்கிருந்தும் உத்தரவு தட்ட முடியாது. பக்கத்து மேஜை டெர்மினலில் ஜாப் போடலாம், காத்திருக்கும் ஜாப்பை ஓட விடலாம், அவ்வளவுதான்.

"ஜாப்புன்னா?"

"மெஷின் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையா எழுதி, ஒரே கட்டா உள்ள தள்ளி விடறது. மெஷின் முதல்ல அதைப் படிச்சு வெச்சுக்கும். முறை வரும்போது ஓட்டும்."

"நம்ம வீட்டுச் சீட்டு மாதிரி," என்றான் ரேடியோ. "மெஷினாவது ஓட்டுதே."

அந்த நேரம் மேனேஜர் உள்ளே வந்தார். புதுச் சட்டை, நெற்றியில் வியர்வை, கையில் ஒரு பூங்கொத்து. துப்பறிவாளர்கள் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லதாப் போச்சு! யாரோ என் பொண்ணு கல்யாணத்துல விளையாடறாங்க. இந்தம்மாதான்னு நெனச்சுக் கீபோர்டைப் பூட்டினேன். பூட்டின மறுநாளே மறுபடி நின்னுடுச்சு! சாவி என்னைவிட்டு நகரலை. பாருங்க." பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் காட்டினார். அதன் நுனியில் சாவி முடிச்சுப் போட்டிருந்தது. "கீபோர்டு அலமாரியில, சாவி கைக்குட்டையில, கைக்குட்டை என் பையில, நான் என் பொண்ணு பக்கத்துல. அப்படியும் நிக்குதுன்னா அது மனுஷ வேலையா?"

"அந்த நேரத்துல மெஷின்ல என்னென்ன ஜாப் ஓடுச்சு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுகூட ஓடலை. மூணு நாளும் பார்த்துட்டேன்." மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுட்டு நான் கீழே போகணும். என் பொண்ணு தனியா நிப்பா." பூங்கொத்தோடு தன் அறைக்குள் ஓடினார். மூக்கில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"இந்த ஆளா வில்லன்?" என்றான் ரேடியோ. "இவர் கொசுவை அடிக்கறதா இருந்தாக்கூட கொசுகிட்ட அனுமதி கேப்பாரே அண்ணி."

அண்ணி அதற்குள், மெஷினுக்கு வந்த உத்தரவுகளையெல்லாம் அடிக்கும் பிரிண்டர் பக்கம் போனாள். மூன்று நாள் காகிதத்தையும் ஆபரேட்டர் அம்மாள் பிரித்துக் காட்டினார். திங்கள் 11:36, ரிஜிஸ்டரை நிறுத்து. புதன் 11:34. வியாழன் 11:37. உத்தரவு வந்திருக்கிறது, மெஷின் கீழ்ப்படிந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் சொன்னது என்று இல்லை.

ரேடியோவுக்கு இந்த மாதிரி இடத்தில் கை சும்மா இருக்காது. காகிதத்தின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பட்டைகளை ஆபரேட்டர் அம்மாள் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். அதையெல்லாம் அள்ளி, ஓட்டைக்குள் ஓட்டை கோத்து, ஒரு முழ மாலை தொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"அண்ணி, மாப்பிள்ளை எப்படி?"

அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று வந்து, மாலையைப் பிடித்து அவன் கழுத்தோடு சேர்த்து இழுத்தாள்.

"ஐயோ, நான் கல்யாணத்துக்குச் சம்மதிக்கலை!"

"சும்மா இரு. பட்டையில எழுத்து இருக்கு."

பிரிண்டர் ஒரு மாதமாகவே இடப் பக்கம் சாய்ந்து அடிக்கிறது என்று ஆபரேட்டர் அம்மாள் அப்போதுதான் சொன்னார். உத்தரவு எங்கிருந்து வந்தது என்று அடிக்கும் ஓர வார்த்தை, பட்டையில் விழுந்து, பட்டையோடு குப்பைக்குப் போயிருக்கிறது. கீபோர்டில் தட்டினால் 'கன்சோல்' என்று விழ வேண்டும். ரேடியோவின் கழுத்தைத் திருப்பித் திருப்பி அண்ணி படித்தாள். இடது காதுக்குக் கீழே திங்கள், தொண்டைக் குழியில் புதன், பிடரியில் வியாழன். மூன்றிலும் 'ஜாப்' என்றுதான் இருந்தது.

"ஜாப்புக்குள்ள உத்தரவு எழுதி அனுப்ப முடியுமா?"

"முடியும். கன்சோல்ல தட்டறதை அப்படியே ஒரு வரியா எழுதிடலாம். இங்க யாரும் எழுத மாட்டோம்." ஆபரேட்டர் அம்மாள் குழம்பினார். "ஆனா எந்த ஜாப்பும் ஓடலையே! ஓடாத ஜாப் எப்படி உத்தரவு போடும்?"

"தூங்கறவன் கொலை பண்ணின கேஸ்," என்றான் ரேடியோ, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாதாரண நாள்ல ரிஜிஸ்டரை யார் நிறுத்துவாங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு நாந்தான். ஆனா ரெண்டு வாரமா நான் போறதுக்குள்ள அதுவே நின்னிருக்கு. சார் ஏதோ ஏற்பாடு பண்ணிட்டார், நமக்கு ஒரு வேலை மிச்சம்னு விட்டுட்டேன். இந்தத் திங்கள், புதன், வியாழன் மட்டும் சாயங்காலம் நிக்கலை."

"காலையில நின்ன நாள்ல சாயங்காலம் நிக்கலை. காலையில நிக்காத நாள்ல சாயங்காலம் நிக்குது." அண்ணியின் கண் மின்னியது. "தம்பி, இவன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் நிறுத்தறான். ரெண்டு வாரமா தினம் தப்பு பண்ணிக்கிட்டிருக்கான். கவுண்டர் மூடின நேரத்துல பண்ணினதால யாரும் கண்டுக்கலை. அம்மா, மெஷினுக்குள்ள வந்த ஜாப் பட்டியல் இருக்கா? ஓடினது வேண்டாம். வந்தது."

பட்டியல் வந்தது. அதில் 'சாயங்கால வேலை' என்று ஒரு ஜாப். தினமும் மாலை ஐந்து ஐம்பதுக்கு உள்ளே வந்து, 'நிறுத்தி வை' என்ற குறிப்போடு தூங்கியிருக்கிறது. ஆறரைக்கு ஆபரேட்டர் அம்மாள் விடுவித்ததும் ஓடியிருக்கிறது. திங்கள், புதன், வியாழன் மட்டும் காலை பதினொன்றரைக்குச் சற்று முன்பே உள்ளே வந்துவிட்டது. அப்போதும் அதே தூக்கம்தான், ஆறரைக்குத்தான் எழுந்தது.

"சாரோட ஜாப் அது," என்றார் ஆபரேட்டர் அம்மாள். "அவரே ஆசையா எழுதினது." டெர்மினலில் அதைத் திறந்து காட்டினார். முதல் வேலை, ரிஜிஸ்டருக்கு நகல் எடு. அடுத்தது, பட்டியல் அச்சடி. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியாக ஓர் உத்தரவு. ரிஜிஸ்டரை நிறுத்து.

ரேடியோ விசில் அடித்தான். "ஆனா ஆறரைக்குத்தானே ஓடுது? அதுவும் கடைசி வரி..." பேசிக்கொண்டே வந்தவனுக்குச் சட்டென்று வாய் நின்றுவிட்டது. பொத்தான் இருக்கும் இடத்தை யாரோ கண்டுபிடித்த மாதிரி. அண்ணி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அவன் கவனித்தான்.

"என்ன அண்ணி?"

"நாலு வேலை எழுதி வெச்சேன். மூணை நிறுத்தி வெச்சுட்டுத் தூங்கின. நாலாவதை?"

"படிச்ச கையோட..." ரேடியோவின் கை தானாகச் சுவர்ப் பக்கம் நீண்டது. "ஐயோ, நாந்தான் அந்த மெஷினா?"

ஆபரேட்டர் அம்மாள் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே, கையேட்டுலயே இருக்கு! ஜாப்புக்குள்ள உத்தரவு வரி இருந்தா, மெஷின் அதை ஓட்டறதுக்குக் காத்திருக்காது. படிக்கும்போதே நிறைவேத்திடும். மேல எழுதினா என்ன, கீழ எழுதினா என்ன. நிறுத்தி வெச்சா வேலைதான் நிக்கும், உத்தரவு நிக்காது. நாங்க யாரும் அப்படி எழுதறதில்லையா, மறந்தே போச்சு!"

"சாருக்கும் தெரியலை. கடைசியில எழுதினது கடைசியில நடக்கும்னு நெனச்சுட்டார். சரி, அந்த மூணு நாளும் ஏன் காலையிலேயே போட்டார்?"

கேட்டுக்கொண்டே அண்ணி திரும்பிப் பார்த்தாள். மேனேஜரின் அறை காலி. திரை எரிந்துகொண்டிருந்தது. மேஜை மேல் ஒரே ஒரு சாமந்தி இதழ். மணி பதினொன்று இருபத்தெட்டு.

ஆபரேட்டர் அம்மாள் டெர்மினலுக்கு ஓடினார். "இருபத்தஞ்சுக்கே போட்டுட்டுப் போயிட்டார்! இன்னும் படிக்கலை. தினம் இந்த நேரத்துக்கு வர்ற புள்ளிவிவர ஜாப்பைத்தான் படிச்சுக்கிட்டிருக்கு, பெருசு. அதைப் படிச்சு முடிக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். முடிஞ்ச உடனே இதைப் படிக்கும்."

"படிச்சா?"

"கீழே இருட்டுதான்."

"சாவியை வாங்கி வரேன்!" என்று ரேடியோ கிளம்பினான்.

"நீ மூணு மாடி இறங்கி ஏறி, பூட்டைத் திறந்து, ஒயரை மாட்டறதுக்குள்ள படகே போயிடும். நீ கீழே போய்ப் பேசு. பதிவு ஆரம்பிக்காம பார்த்துக்கோ. இதுவரைக்கும் உன்னை யாரும் பேசச் சொல்லி அனுப்பினதில்லை, இன்னிக்கு நான் அனுப்பறேன்."

"நீங்க கீபோர்டு இல்லாம அந்த ஜாப்பை எப்படி ரத்து பண்ணுவீங்க?"

ஆபரேட்டர் அம்மாள் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, இரண்டு நாள் மடியில் கிடந்த கைகளை உதறிவிட்டுக்கொண்டார். "அவர் எப்படி நிறுத்தினாரோ, அப்படியே."

*

மூன்று மாடியை ரேடியோ எப்படி இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. கவுண்டரை அடைந்தபோது பதினொன்று முப்பத்திரண்டு. பதிவாளர் முன்னால் ஜோடி நின்றது. பக்கத்தில் மேனேஜர், பூங்கொத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் ரேடியோ.

பதிவாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆட்சேபணையா?"

"ஆட்சேபணை இல்லை. ஒரு சந்தேகம். இந்தக் கலங்கரை விளக்கத்துல பல்பு ஃப்யூஸ் ஆனா..."

"மாப்பிள்ளை ஒப்புதல் ஏத்தியாச்சு," என்றார் பதிவாளர். "இனிமே சந்தேகம் கேக்கக் கூடாது. பொண்ணு முன்னால வரலாம்."

வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசச் சொல்லி அனுப்பியும், பேச இடமில்லாமல் போய்விட்டது. ரேடியோ சுவரில் சாய்ந்து திரையையே பார்த்தான்.

பெண் முன்னால் வந்தாள். வரும்போது அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். கண் பரிசோதிக்கிறவள் பார்வை அது, எந்த எழுத்தையும் தப்ப விடாது. மேனேஜர் பாவம், அவளைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் கேள்வி, பெயர். இரண்டாவது, வயது. மணி பதினொன்று முப்பத்து மூன்று. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது கேள்விக்குப் பதிவாளர் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தட்டினார். மணி பதினொன்று முப்பத்தைந்து. ஏழாவது கேள்வியில் திரை ஒரு முறை துடித்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். ரேடியோ சாமியைக் கும்பிட்டான், இனிமேல் செடிக்குத் தண்ணீர் விடுவதாக வேண்டிக்கொண்டான்.

திரை நின்றது. இருளாமல், அப்படியே நின்றது.

ஒன்பதாவது கேள்வி. "சம்மதமா?"

"நாலாவது தடவையா சம்மதம்," என்றாள் அவள்.

பதிவாளர் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் கரகரவென்று சான்றிதழைத் துப்பியது. இதுவும் இடப் பக்கம் சற்றே சாய்ந்துதான் இருந்தது, ஆனாலும் இரண்டு பேரும் அதற்குள்ளேயே இருந்தார்கள்.

அண்ணி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். பெண் சான்றிதழை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யாரு?"

ரேடியோ அண்ணியின் புடவையைப் பிடித்து இழுத்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அண்ணி பொய் சொல்ல மாட்டாள், அதுதான் அவளிடம் இருக்கும் ஒரே கெட்ட பழக்கம்.

"உங்க அப்பாதாம்மா."

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜரின் கையிலிருந்து பூங்கொத்து நழுவியது. "நானா?"

"அவர் தினமும் சாயங்காலம் ஒரு ஜாப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதுல ஒரு உத்தரவு இருக்கு. மெஷின் படிச்ச உடனே ரிஜிஸ்டர் நின்னுடும். இது அவருக்கே தெரியாது. மத்த நாள்ல கவுண்டர் மூடினப்புறம் போடறதால ஒண்ணும் ஆகலை. உங்களுக்குப் பதிவுன்னு வெச்ச நாள்ல மட்டும் சாயங்கால வேலையைக் காலையிலேயே போட்டு முடிச்சுட்டு இறங்கி வந்திருக்கார்."

"ஏன்?" என்றாள் பெண்.

மேனேஜர்தான் பதில் சொன்னார். "வேலை மிச்சம் இருந்தா மனசு அங்கேயே இருக்கும்மா. முழுசா உன் பக்கத்துல நிக்கணும்னு நெனச்சேன். இன்னிக்கு மத்தியானம் படகுத் துறையிலயும் நின்னு பார்த்துட்டு வரணுமே. அடுத்து ஆறு மாசம் கழிச்சுத்தானே..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பெண்ணாலும் முடியவில்லை. "அப்பா, நான் உங்களைப் போய்..." என்று அவர் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தார், அவள் அதை வாங்கித் தன் மூக்கைத் துடைத்தாள், மாப்பிள்ளை எதற்கென்று தெரியாமல் கூடவே அழுதார். பதிவாளர் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

மாடியில் ஆபரேட்டர் அம்மாள் செய்தது ஒன்றும் பெரிதில்லை. ஒரு வேலையும் இல்லாத ஒரு ஜாப்பை எழுதி, அதில் 'சாயங்கால வேலையை ரத்து செய்' என்று ஒரே ஓர் உத்தரவு வரி போட்டு, வரிசையில் முதல் இடத்துக்குத் தள்ளியிருக்கிறார். மெஷின் மேனேஜருடையதற்கு முன்னால் அதைப் படித்தது, படித்த கையோடு செய்தது. ஏழாவது கேள்வியில் திரை துடித்தது அப்போதுதான்.

இரண்டு மணிக்குப் படகு கிளம்பியது. மேனேஜர் அது புள்ளியாகிற வரைக்கும் கை காட்டிவிட்டு, சிவந்த கண்ணோடு ஆபீஸுக்குத் திரும்பி, ஆபரேட்டர் அம்மாள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் பெரிய மனதோடு பரவாயில்லை என்றார். கீபோர்டை உடனே எடுத்துத் தருவதாகச் சொல்லி மேனேஜர் பையில் கையை விட்டார்.

இடது பை. வலது பை. சட்டைப் பை. மறுபடி இடது பை.

"சார்," என்றான் ரேடியோ மெதுவாக, "கைக்குட்டையைக் கடைசியா யார் வெச்சிருந்தாங்க?"

நால்வரும் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்கள். புள்ளிகூட இல்லை.

அலுவலக அலமாரியை உடைக்க மேலிடத்து அனுமதி வேண்டும், அது வர எட்டு மாதம் ஆகும். படகு ஆறே மாதத்தில் வந்துவிடும். ஆபரேட்டர் அம்மாள் பெருமூச்சு விட்டு, டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, ஒரு வேலையும் இல்லாத ஒரு ஜாப்பை எழுத ஆரம்பித்தார். சாயங்காலம் ரிஜிஸ்டரை நிறுத்த வேண்டுமே.